முப்பது நாளுக்குள் கழற்றவும்

முபேராவைப் பற்றி யாராவது நாலு வரி எழுதுவார்கள் என்று நானும் காத்திருந்து பார்த்துவிட்டேன். ஒருத்தரும் எழுதவில்லை. ஓய்வு பெற்ற அன்றைக்கு ஒரு பூங்கொத்து கொடுத்தார்கள். அதிலும் பாதிப் பூ வாடியிருந்தது. பத்தொன்பது வருஷம் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போஸ்னியாவின் குண்டு குழியெல்லாம் சுற்றியவன் நான். என் பெயர் ஸ்டிபோ, அரசாங்க டிரைவர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அலுவலகத்தின் வேலை கதிர்வீச்சைக் கண்காணிப்பது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷினிலிருந்து தொழிற்சாலைக் கருவிகள் வரை எது கதிர்வீச்சு விடுகிறதோ அதெல்லாம் எங்கள் தலையில். நாடு முழுவதற்கும் நாலே நாலு இன்ஸ்பெக்டர்கள். அதில் ஒருவர் முபேரா. அதற்கு முன் அவர் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர். அதனால் நான் கடைசிவரை அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட்டேன். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

குள்ளமான, ஒல்லியான மனுஷி. பயந்த சுபாவம். கார் கதவைப் பூட்டினாயா என்று மூன்று தடவை கேட்பார். பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொல்லி வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்று பார்த்துவிட்டு வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“டீச்சர், இவ்வளவு பயத்தை வெச்சுக்கிட்டு இந்த வேலைக்கு ஏன் வந்தீங்க?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“பயப்படாதவன் இந்த வேலைக்கு வந்தா ஊரு என்னத்துக்கு ஆகும் ஸ்டிபோ?” என்றார்.

இப்போது இடிதாங்கி விஷயத்துக்கு வருகிறேன். பழைய யுகோஸ்லாவியா காலத்தில் எந்த மகானுபாவன் கண்டுபிடித்தானோ, இடிதாங்கியின் உச்சியில் கதிர்வீச்சு விடும் பொருளை ஒரு குமிழுக்குள் வைத்து மாட்டினால் இடி கட்டாயம் அதில்தான் இறங்கும் என்று நம்பினார்கள். பள்ளிக்கூடம், ஆலை, தானியக் கிடங்கு என்று நூற்றுக்கணக்கில் மாட்டிவிட்டார்கள். அது கூரைக்கு மேலே, யாரும் எட்டாத உயரத்தில் இருக்கிறவரை ஒருத்தருக்கும் கெடுதல் இல்லை. கீழே இறக்கிக் கிட்டத்தில் வைத்துக்கொண்டால்தான் வினை.

சட்டத்தை இறுக்குங்கள், இறுக்குங்கள் என்று வியன்னாவில் இருக்கும் உலக அணுசக்தி அலுவலகத்திலிருந்து நிபுணர்கள் வருஷா வருஷம் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். காபி குடித்துவிட்டுத் தலையாட்டுவோம். கடைசியில் ஒரு வழியாகப் புது விதிமுறை வந்தது. அதை எழுதிய குழுவில் முபேராவும் இருந்தார். கட்டிட உரிமையாளர்கள் அந்த இடிதாங்கிகளை அகற்றியே ஆக வேண்டும், உரிமம் பெற்ற ஆட்களை வைத்துத்தான் அகற்ற வேண்டும், தவறினால் கடுமையான அபராதம். அதோடு இன்னொன்று. இன்ஸ்பெக்டர்கள் எடுத்துப்போகும் மீட்டரை வருஷத்துக்கு ஒரு தடவை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டும், சரிபார்த்த தேதி முடிந்த மீட்டரைச் சோதனைக்குக் கொண்டுபோகவே கூடாது. இந்த இரண்டாவது விதி முழுக்க முழுக்க முபேரா எழுதியது.

உரிமையாளர்களுக்கு அனுப்பும் கடிதத்தையும் அவர்தான் எழுதினார். காரில் எனக்குப் படித்துக் காட்டினார். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், ‘முப்பது நாளுக்குள் கழற்றவும். தவறினால் தண்டனை.’ யாரை வைத்துக் கழற்ற வேண்டும் என்பது மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது.

“போலீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கே டீச்சர்?”

“இருக்கட்டும். இத்தனை வருஷம் நயமா எழுதினேன், ஒருத்தனாவது பதில் போட்டானா? இப்பவாவது பயப்படட்டும்.”

பயப்பட்டார்கள். அதுதான் கதை.

அக்டோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை ஓரஹோவிக் என்ற மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கெடு முடியப் போகிற நேரம், அங்கிருந்து ஒரு தகவலும் இல்லை. கிளம்பும்போதே நான் சொன்னேன். எங்களிடம் இருந்த இரண்டு நல்ல மீட்டரும் சரிபார்க்கப் போயிருந்தன. அலமாரியில் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய மீட்டர் கிடந்தது.

“அதையாவது எடுத்துக்குங்க டீச்சர். வெறுங்கையை வீசிக்கிட்டுப் போய் என்னத்தைச் சோதிக்கிறது?”

“அதுக்குத் தேதி முடிஞ்சு மூணு வருஷம் ஆச்சு. அதைத் தூக்கிக்கிட்டுப் போனா என் விதியை நானே மீறினதா ஆகும். நாளைக்குக் கோர்ட்டுல நிக்க வெச்சுக் கிழிச்சுடுவாங்க. இன்னைக்குக் காகிதத்தை மட்டும் பார்ப்போம். மீட்டர் வந்ததும் மறுபடி வரலாம்.”

பள்ளிக்கூடக் கூரையில் கம்பம் இருந்தது, உச்சியில் குமிழ் இல்லை. தலைமையாசிரியர் என்வெர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “போர்ல குண்டு விழுந்துச்சே மேடம், அப்பவே போயிருக்கும்” என்றார். முபேரா தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தார். திருகாணி கழன்ற இடம் பளபளவென்று இருந்தது. போரில் போயிருந்தால் இத்தனை வருஷத்தில் துருப்பிடித்திருக்கும். நாங்கள் எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது முற்றத்தில் பெருக்கிக்கொண்டிருந்த காவலாளி மட்டும் நிமிரவே இல்லை. அறுபதைத் தாண்டிய மனிதர், பெயர் ராசிம். வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே.

“உங்க வீட்டுல ஒரு காபி கிடைக்குமா?” என்று முபேரா அவரிடம் கேட்டார். எங்கள் ஊரில் அதற்கு யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். ராசிமின் மனைவி ஷெவாலா அடுப்பில் காபிப் பாத்திரத்தை ஏற்றினாள். அடுப்பறையை ஒட்டி ஓர் அறை, கதவு சாத்தியிருந்தது. ராசிம் எதைக் கேட்டாலும் “எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்” என்பதைத் தவிர வேறு சொல்லவில்லை. முபேராவின் குரல் கொஞ்சம் உயர்ந்ததும் ஷெவாலா உதட்டில் விரலை வைத்தாள்.

“மெதுவா பேசுங்கம்மா. உள்ள மருமக அல்மினா படுத்திருக்கா. மூணாவது மாசம். இதுக்கு முன்னால ரெண்டு தடவை கலைஞ்சுபோச்சு. கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எழுந்தா பாத்ரூம், அதுவும் என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான்.”

மகன் ஸ்லோவேனியாவில் டைல்ஸ் போடுகிற வேலையில் இருந்தான். முபேரா உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அல்லா நல்லபடியா குடுக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்து முடித்தார். கிளம்பிவிட்டோம்.

திரும்பும் வழி முழுக்க அவர் நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தார். “அந்த ஆளு பொய் சொல்றாரு ஸ்டிபோ.”

“தெரியுதில்ல? அப்ப நாளைக்கே பழைய மீட்டரோட வருவோம்.”

“புதுசு வர இன்னும் பன்னண்டு நாள்தானே. முறையா வருவோம்.”

அந்த வாரம் அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தடவை போன் செய்தார். புதன்கிழமை மீட்டர் எப்போது வரும் என்று வெளிநாட்டுக்குக் கேட்டு எழுதினார். வெள்ளிக்கிழமை அலமாரியைத் திறந்து பழைய மீட்டரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது நினைத்தால் என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. எதற்கெல்லாமோ கத்துகிறவன், அன்றைக்குப் பார்த்து மரியாதையாக இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பனியனோடு உட்கார்ந்து கறி அடைத்த பூரெக் தின்றுகொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. முபேரா நின்றார், கையில் மளிகைக்கடைப் பை. பைக்குள் சாம்பல் மீட்டர்.

“சாவியை எடு ஸ்டிபோ.”

“விதி என்னாச்சு டீச்சர்?”

“விதியை நான் பார்த்துக்கறேன். நீ வண்டியை எடு.”

ராசிம் வீட்டு வேலிக்கு வெளியே நின்று மீட்டர் சுவிட்சைப் போட்டார். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக டிக் டிக் என்றது. தோட்டத்துப் பாதையில் நடக்க நடக்க நெருக்கமானது. வாசற்படியில் ஏறியபோது ஒரே இரைச்சல். முபேராவின் முகம் வெளுத்துப்போயிற்று. நான் அவரோடு எத்தனையோ இடத்துக்குப் போயிருக்கிறேன், அந்தச் சத்தத்தை ஒரு வீட்டுக்குள் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றாமலே உள்ளே நுழைந்தார். அப்படி அவர் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து நான் பார்த்ததில்லை.

ஷெவாலா ஓடிவந்து அறைக் கதவை மறித்து நின்றாள்.

“இங்க வரக் கூடாது! புள்ளத்தாச்சி படுத்திருக்கிற கட்டிலைப் பட்டாளமே தூக்கிப் பாக்கல. நீங்க யாரு தூக்க?”

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. போர் முடிந்த பிறகு வெளிநாட்டுச் சிப்பாய்கள் வீடு வீடாகத் துப்பாக்கி தேடினார்கள். கூரை, கிணறு, வைக்கோல் எதையும் விடவில்லை. ஆனால் கர்ப்பிணி படுத்திருக்கும் கட்டிலை மட்டும் எந்தச் சிப்பாயும் தொடவில்லை. அது தெரிந்ததும் நாடே அங்கேதான் துப்பாக்கியை வைத்தது. பொய் சொல்வானேன், என் மனைவி மூத்தவனைச் சுமந்தபோது அவள் கட்டிலுக்கு அடியில் என் மாமியார் இரண்டு வைத்திருந்தாள். ‘கழற்றவும், தவறினால் தண்டனை’ என்று அரசாங்க முத்திரையோடு ஒரு கடிதம் வந்தால் எங்கள் ஆட்கள் வேறு என்ன செய்வார்கள்? பழகிய இடத்தில்தான் கொண்டுபோய் வைப்பார்கள்.

“அல்மினா!” என்று முபேரா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. “அல்மினா, எழுந்து வெளிய வா! இப்பவே வா!”

“டாக்டர் எந்திரிக்கக் கூடாதுன்னு…” என்று உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

“நான் சொல்றேன். வா!”

கதவு திறந்தது. இருபத்தைந்து வயதிருக்கும், கம்பளிக் காலுறையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைச் சாலைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கு நானும் ஷெவாலாவும் தாங்கிக்கொண்டு போனோம். திரும்பி வந்தபோது முபேரா வைக்கோல் வாரும் நீளக் கழியைக் கட்டிலுக்கு அடியில் விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனேன்.

“தள்ளி நில்லு! உனக்குத் தனியாச் சொல்லணுமா?”

“நீங்க மட்டும் என்ன இரும்பா?”

“ஸ்டிபோ, வாயை மூடிக்கிட்டுத் தள்ளிப் போ.”

தள்ளிப் போனேன். குமிழை உள்ளே வைத்த பழைய தோட்டாப் பெட்டி ஒன்று வந்தது. அதைக் கழியால் இழுத்து இழுத்து, வாசற்படி இறக்கி, பிளம் தோட்டத்தின் கடைசி மூலை வரைக்கும் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தன் சிரிக்கவும் செய்தான். அவனை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பிற்பகலில் நகரத்திலிருந்து ஆட்கள் ஈயப் பெட்டியோடு வந்து அதை எடுத்துப் போனார்கள்.

ராசிம் முற்றத்தில் விறகுக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

“அந்த என்வெர்தான் கழட்டித் தூக்கி எறிஞ்சிடுன்னு சொன்னாரு மேடம். எங்க எறியறது? பள்ளிக்கூடத்துல போட்டா பிள்ளைங்க எடுத்து விளையாடும். ஆத்துல போட்டா மாடு தண்ணி குடிக்குது. கெட்ட சாமான்னு கடுதாசியிலேயே போட்டிருக்கே. அதான் பத்திரமா நம்ம வீட்டுலயே இருக்கட்டும்னு…”

முபேரா அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

“எந்தத் தேதியில வெச்சீங்க?”

“பத்தொம்பது நாளாச்சு.”

“கட்டிலுக்கு நடுவுலயா வெச்சீங்க?”

“இல்ல மேடம். கால்மாட்டுல, சுவரோரமா மூலையில. நடுவுக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியல.”

முபேராவின் பென்சில் நின்றுவிட்டது. எனக்கு அவர் பிறகு விளக்கியதைச் சொல்கிறேன். வயிற்றில் இருக்கும் பிள்ளை வாங்கிய கதிர்வீச்சுக்கு மில்லிகிரே என்ற அளவில் ஒரு கணக்கு உண்டு. அது நூறுக்குக் கீழே இருந்தால் டாக்டர்கள் கவலைப்படாதே என்பார்கள். நூறைத் தாண்டினால், அதுவும் மூளை உருவாகிற அந்த மூன்றாம் மாதத்தில் தாண்டினால், ஒன்றும் ஆகாது என்று எவரும் உறுதி சொல்ல மாட்டார்கள். பெட்டி மூலையில் இருந்தால் வயிற்றுக்குத் தூரம் அதிகம், நாளொன்றுக்கு மூன்றரை. நடுவில் இருந்தால் நேர் வயிற்றுக்குக் கீழே, நாளொன்றுக்குப் பதினாலு. மற்றப் பெண்ணாக இருந்தால் தூங்கும்போது மட்டும்தான் கட்டிலில் இருப்பாள். இவள் பிள்ளை தங்க வேண்டுமே என்று நாளுக்கு இருபது மணி நேரம் அதன் மேலேயே படுத்திருந்தாள்.

“பெட்டியை யாரு நகர்த்தினது?” என்று முபேரா கேட்டார். “நேத்தா? முந்தாநாளா?”

நேற்றாக இருக்க வேண்டுமே என்று நான் வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டேன். ஷெவாலா முக்காட்டு நுனியைப் பிசைந்தபடி நின்றாள்.

“நான்தான்” என்றாள். “மூலையில இருந்தா வெளிய கொஞ்சம் நீட்டிக்கிட்டுத் தெரியும். போன திங்கக்கிழமை நீங்க வந்துட்டுப் போனீங்களே, மறுபடி வருவாங்கன்னு ராசிம் சொன்னாரு. நீங்க வண்டி ஏறினதும் உள்ள தள்ளிவிட்டேன்.”

முபேரா கணக்குப் போட்டார். பிசிக்ஸ் டீச்சருக்கு அந்தக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் மூன்று தடவை போட்டார். நான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். அவர் முதல் தடவை வந்து காபி குடித்துவிட்டுப் போன அன்றைக்கு நாற்பத்தைந்து. இன்றைக்கு நூற்றிருபத்தொன்பது.

நூறைத் தாண்டவைத்தது அந்த ஆறு நாள். அவருடைய கடிதம் அதைக் கூரையிலிருந்து இறக்கியது. அவர் வந்துபோனது அதைக் கட்டிலின் நடுவுக்குத் தள்ளியது. அவர் எழுதிய விதி மீட்டரை அலமாரியில் பூட்டி வைத்தது. இதை நான் இங்கே எழுதுவதற்கு முன்னால் அவரே எல்லாரிடமும் சொல்லிவிட்டார். முதலில் சொன்னது அல்மினாவிடம். அப்போதே சாலையைக் கடந்துபோய், அவள் படுத்திருந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எண்ணைச் சொன்னார், எதையும் மறைக்காமல் தன் தப்பையும் சொன்னார்.

அந்தப் பெண் அழவில்லை. “பிள்ளைக்கு வலிச்சிருக்குமா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா. வலிக்காது. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அதுதான் அதோட கெட்ட குணம்.”

சரயேவோவில் பெரிய டாக்டர்களிடம் காட்டினார்கள். ஒருவர், ஆபத்து இருக்கிறது, ஆனால் சின்னது என்றார். இன்னொருவர், வேண்டாமென்றால் இப்போதே முடிவு செய்துகொள் என்றார். முடிவு உன் கையில் என்று இருவருமே சொன்னார்கள். புருஷன் ஸ்லோவேனியாவிலிருந்து வந்து மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். இரண்டு பிள்ளைகளை ஏற்கெனவே இழந்தவள் மூன்றாவதைத் தன் கையால் விடுவாளா? பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அலுவலகத்தில் முபேரா தன் மேலேயே ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். மேலதிகாரிக்கு வியர்த்துவிட்டது. “முபேரா, ராசிம் பேரைப் போடுங்க, என்வெர் பேரைப் போடுங்க. உங்க பேரை ஏன் போடறீங்க? வியன்னாக்காரங்க படிச்சா நம்ம மானம் போகும்.”

“போகட்டும். அதைப் படிச்சாவது வேற ஊருல எவளாவது கடுதாசியைச் சரியா எழுதட்டும்.”

என்வெருக்கு வேலை போயிற்று. ராசிம் மேல் வழக்குப் போட முபேரா கையெழுத்துப் போடவே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் விதிமுறையை மாற்றச் சொல்லி அலைந்தார். பெரிய கூட்டங்களில் பேசப் பயப்படுகிற மனுஷி, மைக்கைப் பிடித்தால் காகிதம் நடுங்கும், நடுங்கிக்கொண்டே பேசினார். சட்டம் இளகிவிட்டது என்று ஒருவர் கூட்டத்தில் கேலி செய்தார். “இளகல சார். இப்பதான் இறுகியிருக்கு. உண்மையைச் சொல்றவனைத் தண்டிச்சா, சாமான் எங்க போகும்னு நான் கண்ணால பாத்தேன்” என்று முபேரா சொன்னார். இப்போது போகிற கடிதத்தில் முதல் வரியே, ‘தொடாதீர்கள். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். எங்களைக் கூப்பிடுங்கள், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம். சொன்னவர் மேல் நடவடிக்கை இல்லை.’ தேதி முடிந்த மீட்டரையும் அவசரத்துக்கு எடுத்துப்போகலாம், கண்டுபிடித்த பிறகு நல்ல மீட்டரால் அளந்தால் போதும். அதற்கப்புறம் எழுபத்தொரு இடிதாங்கி இறக்கியிருக்கிறோம். ஒன்றைக்கூட ஊர்க்காரர்கள் தொடவில்லை.

குழந்தை ஏப்ரல் கடைசியில் பிறந்தது. பெண், சுமேயா என்று பெயர். பார்க்கப் போனோம். பத்து விரலும் பத்து நகமுமாக நன்றாகத்தான் இருந்தது. முபேரா அதன் தலையைத் தடவினார். பாசமாகத் தடவுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, தலையின் சுற்றளவை விரலால் பார்க்கிறார்.

அதிலிருந்து வருஷத்துக்கு நாலு தடவையாவது ஏதாவது சாக்கு வைத்து ஓரஹோவிக் போவோம். போகும்போதெல்லாம் ஒரு பரிசு. முதலில் கிலுகிலுப்பை: சத்தம் வந்த பக்கம் திரும்புகிறதா? பிறகு மரக்கட்டைகள்: அடுக்குகிறதா? பிறகு படப் புத்தகம். பூனையைக் காட்டினால் பூனை என்கிறதா? “ஒரு வயசு ஆகப்போகுது, இன்னும் நடக்கலையா?” என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பார். திரும்பும் வழியில் என்னிடம், “உன் பிள்ளைங்க எத்தனை மாசத்துல நடந்துச்சுங்க ஸ்டிபோ?” என்பார்.

“எனக்கு எங்க ஞாபகம் இருக்கு டீச்சர்? நடந்துச்சுங்க. இப்ப ஓடுதுங்க, பிடிக்க முடியல.”

“சரியா சொல்லு. பதினோரு மாசமா, பதினாலா?”

சில சமயம் எனக்குக் கோபம் வரும், சில சமயம் பாவமாக இருக்கும். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும்.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் நிறுத்தவில்லை. போன வசந்தத்தில் என் சொந்தக் காரில் போனோம். சுமேயாவுக்கு நாலு வயது முடிந்திருந்தது. முபேரா பன்னிரண்டு துண்டு உள்ள ஒரு படப்புதிர் கொண்டுவந்திருந்தார், சேர்த்தால் ஒரு மாட்டுவண்டி வரும். பிள்ளை தரையில் உட்கார்ந்து பத்துத் துண்டைச் சேர்த்துவிட்டது. பதினோராவதைத் திருப்பி வைத்துக் குத்திப் பார்த்தது, நுழையவில்லை. விட்டுவிட்டு எழுந்து பூனையைத் துரத்தப் போனது.

“சுமேயா, இங்க வா கண்ணு. இதை முடிச்சுட்டுப் போ. இது எங்க வரும், யோசிச்சுப் பாரு” என்று முபேரா கூப்பிட்டார். பிள்ளை வந்தது. மறுபடி தப்பாகவே வைத்தது. முபேரா துண்டை மறுபடி அதன் கையில் கொடுத்தார். “அப்படி இல்லம்மா. திருப்பிப் பாரு. இன்னும் ஒரு தடவை…”

அல்மினா காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

“போதும் டீச்சர்.”

“இல்லம்மா, ஒரு துண்டுதான்…”

“நீங்க எதுக்கு வர்றீங்கன்னு எனக்கு முதல் வருஷமே தெரியும். கிலுகிலுப்பை வாங்கிட்டு வந்தப்பவே தெரியும்.” குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. “அவ எத்தனை வார்த்தை பேசறான்னு நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். ஏழுக்கு அப்புறம் ஒம்பது சொன்னா எனக்கு அன்னைக்குச் சோறு இறங்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான் சொல்லுதுன்னு பாத்துட்டு வந்தா மூச்சு வரும். பாவி நான், சாகற வரைக்கும் எண்ணுவேன். பெத்தவ எண்ணறது எனக்கு விதி. ஆனா நான் ஒருத்தி எண்ணினா போதும். ரெண்டு பேர் எண்ணினா பிள்ளைக்குத் தெரிஞ்சுபோயிடும்.”

முபேரா தரையில் இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். ஒன்று நழுவி விழுந்தது. அல்மினா குனிந்து எடுத்துக் கொடுத்தாள். காபி ஆறிப்போயிருந்தது. இருந்தும் முபேரா முழுதையும் குடித்தார்.

வாசல்வரை பிள்ளை பின்னாலேயே ஓடிவந்தது. “அடுத்த தடவை எனக்கு என்ன கொண்டு வருவீங்க?”

முபேரா அல்மினாவைப் பார்த்தார். நான் சாவியைத் தேடுகிற மாதிரி பையைத் துழாவினேன்.

“வெறுங்கையோட வாங்க டீச்சர்” என்றாள் அல்மினா. “சும்மா அவளைப் பாத்துட்டுப் போக வாங்க.”

மலையிறக்கம் முழுவதும் டீச்சர் அழுதுகொண்டே வந்தார். கதவைப் பூட்டினாயா என்று அன்றைக்கு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.